தோட்டத்துத் தகரப் பெட்டி

கோல சிலாங்கூர் வட்டாரத் தமிழரின் உடை வரலாறு

உலகாளும் வேந்தனாயினும், விலங்கு தேடிக் காட்டில் அலையும் வேடனாயினும், இடையில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக இரு துணிகளுக்குமேல் மனிதனுக்குத் தேவை இல்லை என்னும் கருத்தை நக்கீரனார் புறநானூற்றின் 189-ஆம் பாட்டில் வைத்தார். தேவையின் அளவில் இக்கருத்தை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவ்விரண்டு துணிகளும் எங்கே நெய்தவை, எவ்வளவு நீளம் உடையவை, யார் முன்னிலையில் எவ்வாறு கட்டத் தக்கவை என்பவற்றை முடிவு செய்பவர் யார் என்னும் கேள்வி எழும்போது, உடை வரலாற்றுக்குள் புகுந்துவிடுகிறது.

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்து வடபகுதித் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர், இக்கேள்விக்கு மூன்று தலைமுறைக் காலம் விடை தேடினர். கடனாகக் கிடைத்த துணியோடு கப்பலிலிருந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள், வேலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, ஊர்ப்பயணத்துக்கு ஒன்று எனத் தாமே தெரிந்தெடுத்துத் தகரப் பெட்டியில் அடுக்கி வைத்தனர். இந்த மாற்றம் தானாக நிகழ்ந்ததன்று. ஒவ்வொரு படியிலும் ஒரு தடை இருந்தது. அத்தடையைக் கடந்த பின்னரே அடுத்த துணி பெட்டிக்குள் வந்தது.

இடமும் மக்களும்

சிலாங்கூர் ஆறு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த ஊர் கோல சிலாங்கூர். அங்குள்ள மெலாவத்திக் குன்றின்மீது பழைய கோட்டையின் பீரங்கிகளும், 1907-ஆம் ஆண்டைச் சேர்ந்த கலங்கரை விளக்கும் இன்றும் உள்ளன. ஆற்றை ஒட்டியும் அதன் இருபுறத்தும் ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை முதலிய ஊர்கள் அமைந்தன. இவற்றுள் பத்தாங் பெர்ஜுந்தை 2007-ஆம் ஆண்டு முதல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்றது. உள்நாட்டை நோக்கிச் சென்றால் ரவாங், பத்தாங் காலி, கெர்லிங், கலும்பாங் என்னும் ஊர்களைச் சூழ்ந்தும் தோட்டங்கள் இருந்தன.

இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் இக்காடுகள் அழிக்கப்பட்டுக் கித்தா மரங்கள் நடப்பட்டன. 1905-ஆம் ஆண்டில் மலாயாவுக்கு வந்த ஆன்ரி ஃபொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இவ்வட்டாரத்தில் ரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தை நிறுவினார். 1917-ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய 'தென்னமரம்' தோட்டமே மலேசியாவில் வாணிக முறையில் செம்பனை பயிரிட்ட முதல் தோட்டம். தோட்டத்தின் பெயரே தமிழ்ப் பெயராக இருப்பது, அங்கு ஒலித்த மொழி எது என்பதைக் காட்டும். தம் மலாயா வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய புதினத்துக்கு 1930-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் கோன்கூர் பரிசு கிடைத்தது. தோட்டத்தின் செல்வமும் புகழும் பாரிசு வரை சென்றன. அதன் லயங்களில் வாழ்ந்தவர்களின் வாழ்வு எழுத்தில் பதிவானது குறைவு. அவர்கள் உடுத்த உடை பதிவானது அதனினும் குறைவு.

வந்தபோது உடுத்தவை

தொழிலாளருட் பெரும்பாலோர் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். இந்தியருக்கான ஒப்பந்தக் கூலி முறை 1910-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணி முறையே பெருவழக்காயிற்று. 1907-ஆம் ஆண்டில் ஏற்பட்ட குடியேற்றக் குழுவின் நிதி கப்பற் செலவை ஏற்றது. ஆயினும், ஊரிலிருந்து புறப்படுமுன் கங்காணியிடம் வாங்கிய முன்பணம் தொழிலாளியின் கழுத்தில் தொங்கியது. பழைய கடனை அடைக்கவும், வழிச்செலவுக்கும், துணிக்கும் அம்முன்பணம் செலவாயிற்று. சுருங்கச் சொன்னால், பலர் உடுத்து வந்த துணியே பிறர் பணத்தில் வாங்கியது.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்களின் உடை, அவர்கள் விட்டு வந்த சிற்றூரின் உடையே. ஆடவர் முழங்காலளவு வேட்டியும் தோளில் ஒரு துண்டும் உடையவர்கள். வயல் வேலைக்குக் கோவணமே போதுமானதாக இருந்தது. பெண்கள் பலர் ரவிக்கை அணியாது, சேலையின் ஒரு தலைப்பாலேயே மார்பை மூடி உடுத்தனர். தென் மாவட்டத்துப் பெண்களின் காதில் பாம்படமோ தண்டட்டியோ தொங்கியது. இதனை வறுமையின் அடையாளம் என்று மட்டும் கொள்வது பிழையாகும். வெப்ப நாட்டு உழவர்க்கு அது ஏற்ற உடையுமாகும். ஆனால் ஏற்றது என்பதற்காகவே எல்லாரும் அதனை உடுத்தார்கள் என்று சொல்லவும் இயலாது. வேறு உடை உடுக்க விரும்பியவர் பலருக்கு அதற்கு உரிமை இருக்கவில்லை.

ஊரில் இருந்த தடை

உடைக்கும் சாதிக்கும் இருந்த கட்டுப்பாட்டை அறியாமல் தோட்டத்து உடை வரலாற்றை விளங்கிக்கொள்ள இயலாது. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோளை மூடி உடுக்கும் உரிமைக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதி முழுவதும் போராட வேண்டியிருந்தது. தோள்சீலைப் போராட்டம் எனப்படும் அதன் விளைவாக 1859-ஆம் ஆண்டில் மன்னர் உத்திரம் திருநாள் ஆணை பிறப்பித்தார். அப்போதும் மேற்சாதிப் பெண்கள் உடுக்கும் முறையில் உடுக்கலாகாது என்னும் வரம்பு நீடித்தது.

இது பழங்கதை என்று எண்ணுவோர் 1930-ஆம் ஆண்டு திசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் நிகழ்ந்ததை நோக்க வேண்டும். அங்கு ஆதிக்கச் சாதியார் ஆதி திராவிடருக்கு எட்டுத் தடைகளை விதித்தனர். பொன், வெள்ளி நகைகள் அணியலாகாது, ஆடவர் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுக்கலாகாது, சட்டை போடலாகாது, பெண்கள் உடலின் மேற்பகுதியை மூடலாகாது, குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது என்பன அவற்றுட் சில. தடையை மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931-ஆம் ஆண்டில் தடைகள் பதினொன்றாக உயர்ந்தன. அவ்வாண்டு இந்தியக் குடிமதிப்பின் ஆணையராக இருந்த ஹட்டன், சாதி பற்றிய தம் நூலில் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார்.

அதே ஆண்டுகளில், கோல சிலாங்கூர்த் தோட்டமொன்றில், அதே மாவட்டத்திலிருந்து வந்த ஒருவர் சம்பள நாளன்று ரொக்கம் எண்ணி வாங்கினார். அப்பணத்தில் ஒரு சட்டை வாங்கினால், அதைக் கழற்றச் சொல்ல ஊர்ப் பெரியதனக்காரர் அங்கே இல்லை. தோட்டத்திலும் சாதி இருந்தது; லயங்களிலும் கோயிலிலும் அது தன் கோட்டைப் போட்டே வைத்தது. எனினும் உடையின்மீது அதற்கிருந்த பிடி கடலைக் கடந்தபோது தளர்ந்தது. கப்பலில் ஊருக்குத் திரும்பியவர் அணிந்திருந்த முழுக்கைச் சட்டை, சிற்றூர்த் தெருவில் ஏன் அத்தனை சலசலப்பை ஏற்படுத்தியது என்பதை இப்பின்னணியில் வைத்தே அறிய வேண்டும்.

பெண்களைப் பொறுத்தவரை இம்மாற்றம் இன்னும் ஆழமானது. தோட்டத்தில் பெண்ணுக்குத் தன் பெயரிலேயே கூலி கிடைத்தது. 1920-களின் இறுதியில் நாளொன்றுக்கு ஆடவருக்கு 50 காசு, பெண்டிருக்கு 40 காசு என்பது வகுக்கப்பட்ட கூலி. ஒரே மரத்தைச் சீவியவளுக்குப் பத்துக் காசு குறைவு என்பது அநீதி. ஆனால் கையில் வந்த நாற்பது காசு அவளுடையது. ரவிக்கைத் துணி எடுப்பதற்குக் கணவன் கையையோ மாமியார் கையையோ முழுதும் எதிர்பார்க்க வேண்டாத நிலை அதனால் பிறந்தது.

வேலையுடை பிறந்த விதம்

கித்தா மரத்தில் குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக ஒழுகும். ஆதலால் வெளிச்சம் பரவுமுன்னரே பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வெட்டுக்காட்டுக்குள் இறங்க வேண்டும். அங்கே கொசு மொய்க்கும், அட்டை ஏறும், பனியில் நனைந்த புல் காலை அறுக்கும். மரப்பால் துணியில் பட்டால் காய்ந்து கறுத்துவிடும்; எத்தனை முறை துவைத்தாலும் போகாது. சில மாதங்களில் துணி தோல்போல் விறைத்துப் புளித்த நாற்றம் வீசும்.

இந்நிலையில் ஊர்ச் சேலை மட்டும் உதவவில்லை. தோட்டத்துப் பெண்கள் தாமே ஒரு வழி கண்டனர். வீட்டு ஆடவர் போட்டுக் கழித்த முழுக்கைச் சட்டையை ரவிக்கைக்கு மேல் அணிந்தனர். சேலையைத் தூக்கிச் செருகினர். அல்லது சேலையை விடுத்துக் கைலி கட்டினர். தலையையும் காதையும் மூடித் துண்டால் இறுகக் கட்டினர். பால்வாளிகளைக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுச் சுமக்கும்போது தோளுக்கு அணையாகவும் ஒரு பழந்துணி வேண்டியிருந்தது. தோட்ட நிருவாகமோ தையற்காரரோ வகுக்காத இவ்வுடை, ஒரு தலைமுறைக்குள் மலாயாவின் கித்தாக் காடுகள் எங்கும் பொது உடையாயிற்று.

பார்ப்பவர் கண்ணுக்கு இது ஒழுங்கற்ற கலவையாகத் தோன்றலாம். ஆயின் ஒவ்வொரு துணிக்கும் காரணம் இருந்தது. முழுக்கை கொசுவுக்கு; தலைத்துண்டு வியர்வைக்கும் மரத்தூளுக்கும்; மேற்சட்டை பால் கறைக்கு. கறை படியும் துணியைத் தனியே பிரித்ததால் மற்றத் துணிகள் காப்பாற்றப்பட்டன. வேலையுடையை வீட்டுக்குள் கொண்டு வராமல் லயத்து வாசற்கொடியில் போடும் வழக்கமும் இதனாலேயே வந்தது.

செம்பனை வந்தபோது உடை மீண்டும் மாறியது. அதன் மட்டையிலும் குலையிலும் உள்ள முள்ளுக்குத் தடித்த காற்சட்டையும் நெட்டைச் சப்பாத்தும் தேவைப்பட்டன. களைக்கொல்லி தெளிக்கும் வேலை பெரிதும் பெண்களிடம் விடப்பட்டது. அவ்வேலைக்குத் தக்க காப்புடை பல இடங்களில் கொடுக்கப்படவில்லை. கொடுத்த இடத்தும் வெப்பத்தில் அதனை அணிந்து உழைப்பது அரிதாயிற்று. மருந்து தெளித்த பெண்களின் உடல்நலக் கேட்டைத் தெனாகனித்தா அமைப்பு 2002-ஆம் ஆண்டில் ஆய்வு செய்து வெளிப்படுத்தியது. பாராகுவாட் என்னும் களைக்கொல்லிக்கு மலேசியாவில் 2020-ஆம் ஆண்டில்தான் முழுத் தடை வந்தது. தொழிலாளி தனக்கேற்ற உடையைத் தானே கண்டறிய முடியாத இடத்தில் உடல் என்ன விலை கொடுக்கும் என்பதற்கு இது சான்று.

கைலியின் பயணம்

தோட்டத்தில் ஆடவரும் பெண்டிரும் உடுத்த கைலியை 'மலாய்க்காரர் உடை' என்று சொல்வது வழக்கம். இவ்வழக்கு பாதி உண்மையே. மலாய் மொழியில் கட்டம் போட்ட பருத்திச் சாரோங்கிற்குக் 'காயின் பெலேகாட்' என்று பெயர். 'காயின்' என்றால் துணி. 'பெலேகாட்' என்பது பழவேற்காடு. சென்னைக்கு வடக்கேயுள்ள அவ்வூரில் டச்சுக்காரர் 1613-ஆம் ஆண்டில் கெல்திரியாக் கோட்டையைக் கட்டினர். சோழமண்டலக் கரையில் நெய்த துணிகளை அங்கிருந்து கப்பலேற்றி, மலாய்த் தீவுகளில் மிளகுக்கும் சாதிக்காய்க்கும் மாற்றினர். துணி போன இடமெல்லாம் ஊர்ப்பெயரும் போயிற்று.

அதே டச்சுக் கும்பினியார் 1784-ஆம் ஆண்டில் கோல சிலாங்கூரின் மெலாவத்திக் குன்றைக் கைப்பற்றி, அதற்கு அல்திங்ஸ்பர்க் எனப் பெயரிட்டனர். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டார். ஆக, கித்தாத் தொழிலாளி இவ்வட்டாரத்துக்கு வருவதற்கு நெடுநாள் முன்னரே அவன் நாட்டு நெசவாளியின் துணி மலாய் நாட்டில் புழங்கிக்கொண்டிருந்தது. மலாய் அண்டை வீட்டாரைப் பார்த்துத் தமிழர் கைலி கட்டக் கற்றது, தம் பாட்டன் அனுப்பிய பொருளைப் பேரன் திரும்பப் பெற்றது போன்றதாகும். பாத்திக் சாரோங் மட்டும் மலாய்த் தீவுகளின் சொந்தக் கொடை. தோட்டத்துத் தாய்மார் அதனையும் வீட்டுடையாக ஏற்று, குழந்தைக்கு ஏணையாகவும் பயன்படுத்தினர்.

தவணைத் துணியும் தகரப் பெட்டியும்

தோட்டத்துக்கும் நகரத்துக்கும் இடையே நெடுந்தொலைவு. வண்டி வசதி குறைவு. ஆதலால் துணியே தோட்டத்தைத் தேடி வந்தது. மிதிவண்டியின் பின்னால் மூட்டை கட்டிய வணிகர்கள், தமிழ் முசுலிம்களும் பஞ்சாபியரும், சம்பள நாளையொட்டி லயங்களுக்கு வந்தனர். லயத்துத் திண்ணையில் மூட்டை அவிழும்; பெண்கள் கூடுவர்; துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பர்; கசக்கிப் பார்ப்பர்; சாயம் போகுமா என்று கேட்பர். விலையைத் தவணையாகக் கொடுக்கலாம். தவணை என்பது வசதியும் ஆயிற்று, வலையும் ஆயிற்று. கங்காணியின் கடன் தீர்ந்த இடத்தில் துணிக்கடன் வந்து உட்கார்ந்த குடும்பங்களும் உண்டு.

இத்தகைய சூழலில் எதை வாங்குவது என்பது ஆராய்ந்து செய்ய வேண்டிய முடிவு. ஆண்டுக்கு ஒருமுறை தீபாவளி முன்பணம் கிடைக்கும்போதுதான் குடும்பம் முழுவதற்கும் புதுத்துணி எடுக்க இயலும். அவ்வாறு எடுத்த துணி பல ஆண்டு உழைக்க வேண்டும். முதல் ஆண்டில் அது பண்டிகைத் துணி, அடுத்த ஆண்டில் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும், அதன்பின் வீட்டுக்கு, சாயம் வெளுத்தபின் வேலைக்காட்டுக்கு, இறுதியில் தோளணையாகவும் கரித்துணியாகவும் முடியும். ஒரு துணியின் வாழ்நாளை இவ்வாறு முன்கூட்டியே எண்ணி வாங்கியவர்கள், நிறத்தையும் தரத்தையும் அதற்கேற்பத் தெரிந்தெடுத்தனர்.

லயத்து வீட்டில் அலமாரி இல்லை. படுக்கும் பலகைக்கடியில் இருந்த தகரப் பெட்டியே அலமாரி. அதன் அடியில் கூறைப்புடவை. அதன்மேல் பண்டிகைச் சேலையும் மல்லு வேட்டியும். மேலே ஊர்ப்பயணத்துக்கான சட்டை. இடையே மஞ்சள் துணி. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் தீ மிதிக்கவும், பத்துமலைத் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கவும் மஞ்சள் உடை வேண்டும். இப்பெட்டிக்குள் இருந்தவை எண்ணிக்கையில் சில. ஆனால் அவற்றுள் காரணமின்றி இருந்தது ஒன்றுமில்லை.

குல்லாயும் மிதிவண்டியும்

தான் விரும்பியதை வாங்க முடிந்தாலும், விரும்பியபடி அதனை அணிந்து நடக்க முடிந்ததா என்பது வேறு கேள்வி. ஊர்ப் பெரியதனக்காரர் இல்லாத தோட்டத்தில் துரை இருந்தார். அவர்க்குக் கீழே கிராணியார் இருந்தார். அவர்கள் எதிரில் வரும்போது தலைத்துண்டை எடுக்க வேண்டும்; மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட வேண்டும்; மிதிவண்டியில் வந்தால் இறங்கி நிற்க வேண்டும். சட்டப் புத்தகத்தில் எழுதப்படாத இவ்வழக்கங்கள் சட்டத்தினும் வலியனவாக இருந்தன.

1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டு, சிலாங்கூரின் மற்றப் பகுதிகளுக்கும் பரவியது. ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். தொழிலாளர் முன்வைத்த பன்னிரண்டு கோரிக்கைகளில் கூலி, பள்ளிக்கூடம், மருத்துவம், பெண்களின் பாதுகாப்பு, கள்ளுக்கடை மூடுதல் ஆகியவற்றோடு, துரைமார் முன்னும் அலுவலர் முன்னும் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமையும் இடம்பெற்றது. வயிற்றுக்கான கோரிக்கைகளுக்கு நடுவே இது ஏன் வந்தது என்று வியப்பவர், இராமநாதபுரத்து எட்டுத் தடைகளை மீண்டும் ஒருமுறை நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

அவ்வேலைநிறுத்தக் காலத்தில் தொழிலாளர் பலர் காந்திக் குல்லாய் அணிந்தனர். ஒரு முழத்துக்கும் குறைவான வெள்ளைத் துணி அது. ஆயினும் தோட்ட நிருவாகிகள் அதனை ஓர் அறைகூவலாகவே கருதினர். தலைத்துண்டை எடு என்று சொல்லலாம்; குல்லாயை எடு என்று சொன்னால் அது அரசியலாகிவிடும். மதுரையில் 1921-ஆம் ஆண்டு செப்டம்பரில் காந்தியடிகள் தம் உடையைக் குறைத்துக்கொண்டு ஏழையரோடு தம்மைச் சேர்த்துக்கொண்டார். மலாயாத் தோட்டத்தில் ஏழையர் அவர் பெயர்கொண்ட குல்லாயை அணிந்து தம்மை உயர்த்திக்கொண்டனர். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். மே மாதத்தில் சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. படையினரின் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். போராட்டம் அடக்கப்பட்டது. அடங்கி நின்ற பழக்கம் மட்டும் முன்போல் திரும்பவில்லை.

சாக்கு உடுத்த காலம்

அவ்வாண்டு திசம்பரில் சப்பானியர் படையெடுத்தனர். 1942-ஆம் ஆண்டு சனவரித் தொடக்கத்தில் கோல சிலாங்கூர்க் கரையிலும் அவர்களின் படகுகள் தோன்றின. கித்தாவுக்கு வாங்குவோர் இல்லாமற் போயினர், கூலி நின்றது, கப்பலும் நின்றது. கப்பலில் வந்த துணியும் நின்றது. பெட்டியிலிருந்த சேலைகள் ஒவ்வொன்றாக அரிசிக்கும் மரவள்ளிக்கும் கைமாறின. எஞ்சியவை கிழிந்தபின் சாக்கைத் தைத்து உடுத்தவர் பலர். சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தோட்டத் தமிழருள், கந்தையும் சாக்குமே உடையாக மாண்டவர் எண்ணிறந்தோர். மூன்று பதிற்றாண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த உடை மூன்றரை ஆண்டுகளில் அழிந்தது.

அதே காலத்தில் இதற்கு நேர்மாறான ஒரு காட்சியும் தோன்றியது. நேதாசி சுபாசு சந்திர போசு அமைத்த ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் 1943-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. டாக்டர் இலட்சுமி சுவாமிநாதன் அதன் தலைவி. படையில் சேர்ந்த பெண்களில் பெரும் பகுதியினர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். சேலையும் கைலியும் தவிர வேறறியாதவர்கள் காக்கிக் காற்சட்டையும் சட்டையும் தொப்பியும் அணிந்து அணிவகுத்தனர். அப்படையின் போர்ப் பயன் குறித்து ஆராய்வோர் பல கூறலாம். பெண்ணின் உடைக்கு ஊரும் உறவும் வகுத்த எல்லை ஒருமுறை கடக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. தோட்டத்துக்கு மீண்ட பின் அவர்கள் மறுபடி சேலைக்கே திரும்பினர். அது கட்டாயத்தால் உடுத்த சேலையன்று. வேறொன்றையும் அறிந்தபின் விரும்பி உடுத்த சேலை.

பின் வந்த மாற்றங்கள்

1954-ஆம் ஆண்டில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. கூலி பேசித் தீர்மானிக்கும் பொருளாயிற்று. கையில் காசு சிறிது மிஞ்சியபோது, தோட்டத்திலேயே தையற்பொறி வைத்துத் தைப்பவர் தோன்றினர். திடலில் திரை கட்டிக் காட்டிய தமிழ்ப் படங்கள், பாவாடை தாவணிக்கும் முழுநீளக் காற்சட்டைக்கும் புது வடிவங்களைக் கொண்டு வந்தன. 1960-களில் நைலெக்சுச் சேலை வந்தது. துவைத்தால் உடனே உலரும், கஞ்சி வேண்டாம், மழை ஓயாத நாட்டுக்கு அது ஏற்றது. பருத்தியின் பெருமை பேசியவர் அதனைக் குறை கூறினர். ஒரே குழாயடியில் வரிசையில் நின்று துவைத்த பெண்களுக்கு அதன் அருமை தெரிந்திருந்தது.

பள்ளிச் சீருடை இன்னொரு பெருமாற்றம். வெள்ளைச் சட்டையும் நீலக் காற்சட்டையும், வெள்ளைச் சட்டைமீது நீலப் பினபோரும் அணிந்த பிள்ளைகளிடையே, கிராணியார் மகன் யார், வெட்டுக்காரர் மகன் யார் என்று உடையால் அறிய முடியாமற் போயிற்று. 1970-களில் தோட்டத்துப் பெண்கள் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். சீருடை அங்கும் இருந்தது. பஞ்சாபி உடை பின்னர் இளம்பெண்களின் விருப்பமாயிற்று. தமிழாசிரியைகள் பலர் பாஜு கூரோங்கும் சேலையும் மாற்றி மாற்றி அணிவதை இன்று எந்தப் பள்ளியிலும் காணலாம்.

தனக்கென ஓர் உடை முறை

இவ்வளவு மாற்றங்களுக்கிடையே தோட்டத் தமிழர்க்கு உரிய உடை எது என்னும் வினா எழுவது இயல்பு. வேட்டி சேலை மட்டுமே தமிழருடை, மற்றவை எல்லாம் கலப்பு என்பது ஒரு சாரார் கொள்கை. இக்கொள்கை வரலாற்றின் முன் நில்லாது. கைலியில் பழவேற்காடு இருக்கிறது. ரவிக்கையில் தடையை மீறிய பெண்ணின் துணிவு இருக்கிறது. சேலைக்கு மேல் அணிந்த ஆண்சட்டையில் கித்தாக் காட்டின் விடியற்காலை இருக்கிறது. எல்லாம் கால ஓட்டத்தில் தாமே மாறும், இதில் ஆராய ஒன்றுமில்லை என்பது மற்றொரு சாரார் எண்ணம். அதுவும் பொருந்தாது. தோட்டத்து மக்கள் வந்ததையெல்லாம் உடுத்தவர்களல்லர். செய்யும் தொழில், வாழும் தட்பவெப்பம், செல்லும் இடம், கையிலுள்ள பணம், தம் மதிப்பு என்னும் ஐந்தையும் எண்ணிப் பார்த்துத் துணி எடுத்தவர்கள்.

இன்று துணிக்குப் பஞ்சமில்லை. அலமாரி நிறைந்தும், உடுக்க ஒன்றுமில்லை என்னும் குறை பல வீடுகளில் கேட்கிறது. பெட்டியில் ஆறு துணி வைத்திருந்தவர்களிடம் இக்குறை எழவில்லை. அவர்கள் ஒவ்வொரு துணிக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தனர். ஒவ்வொன்றின் விலையையும், பணத்தில் அளந்ததையும் அளக்க இயலாததையும், அறிந்திருந்தனர். தனக்குரிய உடை எது என்று தேடுவோர்க்கு இதனினும் தெளிவான இலக்கணம் கிடைப்பது அரிது.

கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும், வீடமைப்புப் பகுதிகளாக மாறியும் போயின. லயங்கள் இடிக்கப்பட்டபோது தகரப் பெட்டிகளும் பழைய இரும்புக்கு எடைபோடப்பட்டன. எஞ்சியுள்ள பெட்டிகளும், திருமணங்களில் எடுத்த பழைய நிழற்படங்களும், பெரிய தாய்மாரின் நினைவும் இவ்வரலாற்றின் ஆவணங்கள். தோட்டப் பள்ளிகளின் வழிவந்த தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள், மாணவர்தம் வீட்டுப் பழைய படம் ஒன்றை வகுப்பறைக்குக் கொண்டு வரச் செய்து, அதிலுள்ளோர் உடுத்திருப்பது என்ன, அதனை யார் வாங்கினர், எப்போது அணிந்தனர் என்று வீட்டுப் பெரியோரைக் கேட்டு எழுதச் செய்யலாம். அரசுக் கோப்புகளில் கூலிக் கணக்கு இருக்கும். அந்தக் கூலியில் முதன்முதலாக எடுத்த சேலையின் நிறம், அதை உடுத்தவரின் வாய்மொழியில் மட்டுமே இருக்கும்.